கறைக்கு அடியில் மூன்று வரி

கஸ்மீர் உண்மையைத்தான் சொல்கிறான் என்று மெஷின் சொன்னது. சொல்லிவிட்டுப் போகட்டும். நான் நம்பவில்லை.

செபத்தியார்துறையில் என்னைத் தவிர எல்லோரும் நம்பினார்கள். நம்பியதால் அவனைக் காறித் துப்பினார்கள். நம்பாததால் நான் துப்பவில்லை. இது புரியாமல், "டீச்சருக்குப் புருஷன் போனதுலேர்ந்து புத்தி சரியில்ல" என்று என் காதுபடவே பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நானும் தேடவில்லை.

என் கணவர் ரொசாரியோ கடலடி நிலையத்தில் ஷிப்ட் தலைவராக இருந்தவர். எங்கள் கரையிலிருந்து பார்த்தால் வெறும் தண்ணீராகத் தெரியும் இடத்தில், ஆழத்தில், கம்பெனி கட்டிய இரும்பு வீடு அது. கடல்தரையில் கிடக்கும் உலோக உருண்டைகளைப் பொறுக்கி மேலே அனுப்புவதுதான் வேலை. கடலில் மீன் அற்றுப்போன பிறகு எங்கள் ஆண்கள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு அதில் இறங்கினார்கள். ஒருநாள் உள்ளே காற்று கெட்டது. என் கணவரோடு சேர்த்துப் பதினோரு பேர் தூக்கத்திலேயே செத்தார்கள். வேறு அறையில் வேலையாக இருந்ததால் கஸ்மீரும் இன்னும் இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

பிழைத்தவர்களைக் கம்பெனி தன் செலவில் 'ஆறுதல் இல்லம்' என்ற இடத்தில் வைத்து வைத்தியம் பார்த்தது. கெட்ட கனவு வராமலிருக்க மருந்தாம். அங்கிருந்து வெளியே வந்த அன்றே கஸ்மீர் என் வீட்டு வாசலில் வந்து நின்று, என் கணவரின் பையை என்னிடம் கொடுத்தான். அதற்குள்தான் டைரி இருந்தது.

காற்றைச் சுத்தம் செய்யும் எந்திரம் கோளாறாகிவிட்டது என்று அவர் மேலே ஆபீசுக்குச் சொன்னது, "இந்த லோடு முடியட்டும், அதுவரைக்கும் ஓட்டுங்க" என்று பதில் வந்தது, பதில் சொன்னவர்களின் பெயர், எல்லாம் அதில் இருந்தன. கம்பெனி வைத்திருந்த பதிவுகள் எப்படியோ அழிந்துவிட்டன. மிஞ்சிய ஒரே சாட்சி அந்த டைரி. அது போலி என்று முடிவானால், பதினோரு பேரும் தங்கள் அஜாக்கிரதையால் செத்தார்கள் என்று விசாரணை ஆணையம் ஒரு வரி எழுதிக் கோப்பைக் கட்டிவிடும்.

விசாரணை பாதி ஓடியபோதுதான் கஸ்மீர் எழுந்து நின்றான். "அந்த டைரிய எழுதினது ரொசாரி அண்ணன் இல்ல. நாந்தான் எழுதினேன்" என்றான்.

உடனே அவன் தலையில் தராசை மாட்டினார்கள். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் நீளமானது. ஜனங்கள் தராசு என்றே சொன்னார்கள். ஒருவன் சொல்வது அவன் மூளையில் நினைவாக இருந்தால் பச்சை விளக்கு எரியும், இல்லாவிட்டால் சிவப்பு. அது வந்தபின் கோர்ட்டுகளில் பொய்ச்சாட்சி ஒழிந்தது என்று பேப்பரில் எல்லாம் பாராட்டி எழுதினார்கள். கஸ்மீர் மறுபடி சொன்னான். பச்சை எரிந்தது. கம்பெனி வக்கீல் மாதவராமன் டைரியைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, இதையும் எழுதினாயா, இதையும் எழுதினாயா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பச்சை.

கடைசியில் ஒரு தாளைக் கொடுத்து நினைவிலிருந்து ஒரு பக்கம் எழுதிக் காட்டச் சொன்னார்கள். எழுதினான். கையெழுத்தும் ஒத்துப்போனது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த அத்தனை பையன்களுக்கும் ஒரே குண்டு குண்டான கையெழுத்துதான். கோணலாக எழுதினால் அந்தக் காலத்தில் விரல்முட்டியில் அடி விழும்.

எல்லோரும் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவன் கழுத்தைப் பார்த்தேன்.

பரீட்சை ஹாலில் என் பாதி ஆயுசைக் கழித்தவள் நான். காப்பி அடிக்கும் பையனின் கையைப் பார்த்து எந்த டீச்சரும் பிடிப்பதில்லை. கழுத்துதான் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு வரி முடிந்ததும் கஸ்மீரின் தலை இடது பக்கம் திரும்பியது, ஒரு நொடி நின்றது, மறுபடி தாளுக்கு வந்தது. இடது பக்கம் வெறும் மேசைதான் இருந்தது.

அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் யாரோ மீன்குடலைக் கொட்டியிருந்தார்கள். தாண்டிக்கொண்டு உள்ளே போனேன். கஸ்மீர் தரையில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"வாங்க மைனி. அடிக்கணும்னா அடிச்சிட்டுப் போங்க."

"அடிக்கதுக்கு இவ்வளவு தூரம் வரணுமால? கேக்க வந்தேன். கம்பெனிக்காரன் உனக்கு என்ன தந்தான்?"

"மாதா மேல சத்தியமா ஒரு பைசா வாங்கல. வைத்தியத்துக்கு அப்புறம் எனக்குள்ள இது ஒண்ணுதான் தெளிவா இருக்கு. மேசையில உக்காந்து எழுதுதேன். கை வலிக்கி. எழுதிக்கிட்டே அழுதேன். இப்போ நான் எழுதின பொய்ய வச்சு நாலு பேரு ஜெயிலுக்குப் போவான். அத மனசுல வச்சிக்கிட்டு நான் எப்படிப் பூசைக்குப் போயி சாமியார் கையால நன்மை வாங்க?"

"சரி, ஏன் எழுதின?"

"அதான் தெரியல மைனி. அண்ணன் செத்த கோவமா இருக்கும்னு எல்லாரும் சொல்லுதாவ. நானும் அப்பிடித்தான் நெனச்சிக்கிட்டேன். யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், வரமாட்டேங்கு."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவன்மேல் இல்லை. அவன் பொய் சொல்லவில்லை. அது என் கண்ணுக்கே தெரிந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதற்காக ஊரையே பகைத்துக்கொண்டு மீன்குடலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். அப்படிப்பட்டவனை நம்பாமலிருக்க எவ்வளவு பிடிவாதம் வேண்டும் தெரியுமா? எனக்கு இருந்தது.

எங்கள் பதினோரு குடும்பங்களுக்கும் வக்கீல் வடிவு. பாளையங்கோட்டைப் பெண். நான் கழுத்து விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை, அந்த மட்டில் நல்லவள்.

"டீச்சர், தராசு என்ன செய்யும்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க. அது பொய்யக் கண்டுபிடிக்காது. ஞாபகம் இருக்கா இல்லையான்னு மட்டும் பாக்கும். அந்த ஞாபகம் எப்படி வந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது."

"ஞாபகத்த உள்ள வைக்க முடியுமா?"

"புதுசா வைக்க முடியாது. ஆனா அந்த வைத்தியத்துல குடுக்கிற மருந்து பழைய ஞாபகத்தக் கொஞ்ச நாளைக்கு இளக்கிப் போடும். சிமெண்டு ஈரமா இருக்கும்போது கோழி நடந்தா தடம் விழும்லா, அந்த மாதிரி. அந்த நேரத்துல என்ன செஞ்சாலும் ஆழமாப் பதியும். பக்கத்துல இருக்கிறது அழிஞ்சும் போகும்."

"அந்த நேரத்துல அவன உக்கார வச்சு டைரியப் பாத்து எழுதச் சொல்லியிருந்தா?"

வடிவு பேனாவைக் கீழே வைத்தாள். "எழுதினது நிக்கும். பாத்து எழுதினது போயிரலாம். ஆனா இத நிரூபிக்க முடியாது டீச்சர். அந்தக் காப்பிய எரிச்சிருப்பாங்க. இல்லத்து ரெக்கார்டு எல்லாம் நோயாளி ரகசியம்னு பூட்டி வச்சிருக்காங்க. கழுத்து திரும்புதுன்னு சொன்னா மாதவராமன் சிரிப்பாரு."

"சிரிக்கட்டும். நான் கஸ்மீரக் கேள்வி கேக்கணும்."

பாதிக்கப்பட்ட குடும்பத்தார் சாட்சியை நேரில் கேள்வி கேட்க ஆணையத்தின் விதியில் இடம் உண்டு. இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

"என்ன கேப்பீங்க?"

டைரியின் பின்பகுதியில், கடைசி வாரத்துப் பக்கம் ஒன்றில், எந்திர எண்ணெய் பட்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருப்புக் கறை. மூன்று வரி அதற்குள் போய்விட்டது. கதிர் பாய்ச்சிப் படிக்கும் கருவி ஆணையத்திடமே இருந்தது. ஆனால் அந்தக் கதிர் தாளைக் கெடுக்கும், வழக்கு முடியும்வரை டைரியைத் தொடக்கூடாது என்று கம்பெனி தடை வாங்கியிருந்தது. அதனால் அந்த வரிகளை ஒருவரும் படித்ததில்லை. படித்திருக்கக்கூடியவர் என்றால் எழுதியவர் ஒருவர்தான்.

"அந்தக் கறைக்குள்ள என்ன எழுதினேன்னு கேப்பேன்" என்றேன்.

வடிவு தலையில் கை வைத்தாள். "பதில் தெரியாத கேள்வியக் கேக்கவே கூடாதுன்னு எங்களுக்கு முதல் வருஷத்துலயே சொல்லிக் குடுப்பாங்க. அவன் ஏதாவது சொல்லி, அதுக்குப் பச்சை எரிஞ்சு, உள்ளேயும் அதுவே இருந்துச்சுன்னா நம்ம கதை முடிஞ்சுது."

"முடியட்டும். அப்பிடி இருந்தா அவன்தான் எழுதினான்னு நானே எந்திரிச்சுச் சொல்லுதேன்."

வீறாப்பாகத்தான் சொன்னேன். பயம் சொன்ன பிறகுதான் வந்தது. அதை வடிவிடம் காட்டிக்கொள்ளவில்லை.

விசாரணை நாளன்று பதினோரு வீட்டுப் பெண்களும் வந்திருந்தோம். என் பக்கத்தில் மரிய புஷ்பம் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாமல் புருஷனைப் பறிகொடுத்தவள். பதற்றமானால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்வாள். அன்று என் கை அவளிடம் மாட்டியிருந்தது. அதை மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்து போய்க் கஸ்மீர் எதிரே நின்றேன். தராசு அவன் தலையில் இருந்தது. ஆணையத் தலைவர் ஒரு பெண் நீதிபதி. கேளுங்கள் என்பது போலக் கையைக் காட்டினார்.

"கஸ்மீரு, இந்தப் பக்கம் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மைனி."

பச்சை.

"நீதான் எழுதினியா?"

"நாந்தான்."

பச்சை. மாதவராமன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இந்தக் கறைக்குள்ள மூணு வரி இருக்கு. என்ன எழுதின?"

கஸ்மீர் கண்ணை மூடினான். வடிவு என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க ஒண்ணும் எழுதல மைனி. மூணு வரி எடம் விட்டேன்."

பச்சை எரிந்தது. மாதவராமன் எழுந்து நீதிபதியைப் பார்த்துச் சொன்னார்: "இது போதும் அம்மா. கறைக்கு அடியில் எதுவுமே இல்லை. பழசாகத் தெரிவதற்காக எண்ணெயைத் தடவியிருக்கிறார். சாட்சியே சொல்லிவிட்டார்."

"சாட்சி இன்னும் முடிக்கல சார், உக்காருங்க" என்றேன். வகுப்பில் பேசும் குரல் வந்துவிட்டது. மனிதர் உட்கார்ந்தும்விட்டார். "ஏன்ல எடம் விட்ட?"

"அங்க படிக்க முடியல மைனி" என்றான் கஸ்மீர். "ஒரே கருப்பா எண்ணெ அப்பியிருந்துச்சு. என்ன எழுதியிருக்குன்னு தெரியல. இல்லத்து டாக்டரம்மாகிட்ட கேட்டேன். தெரியலன்னா விட்டுட்டு மேல எழுதுன்னு சொன்னாவ."

பச்சை.

தான் என்ன சொன்னான் என்பது கடைசியாக விளங்கியது கஸ்மீருக்குத்தான். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"மைனி, நானே எழுதினதுன்னா எனக்கு எப்படிப் படிக்க முடியாமப் போச்சு?"

இதற்கு முன்னால் எந்தக் கோர்ட்டிலாவது பச்சை விளக்கு எரிந்ததும் ஒரு வக்கீலின் முகம் அப்படி வெளுத்திருக்குமா தெரியாது. மெஷினைத் தெய்வமாகக் கும்பிட்டவர் அவர்தான். இப்போது அதைப் பழிக்கவும் வழியில்லை. கம்பெனிக்காரர்கள் டைரியைக் கிழித்துப் போட்டிருந்தால், கிழித்தார்கள் என்று சொல்லக் கஸ்மீர் உயிரோடு இருந்தான். அதனால் அவனையே எழுதியவனாக்கிவிட்டார்கள். நல்ல மூளைதான். ஆனால் பார்த்து எழுதுபவன் எதிரில் இருக்கும் ஓட்டையையும் சேர்த்துத்தான் எழுதுவான், அதை எந்த டீச்சரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்போம்.

ஆறுதல் இல்லத்தின் மேல் தனி விசாரணைக்கு நீதிபதி அங்கேயே உத்தரவு போட்டார். டைரி மீதிருந்த தடையும் நீங்கியது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"கறைக்கு அடியில் இருப்பதை இப்போதே படிக்க முடியும். ஆனால் படித்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. டைரி உங்களுடையது. நீங்கள் சொல்லுங்கள்."

வடிவு என் காதருகே குனிந்தாள். "வேண்டாம் டீச்சர். ஜெயிச்சாச்சு. அதுல என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது. இப்படியே விட்டுருங்க."

நல்ல யோசனைதான். புத்தியுள்ள யாரும் கேட்டிருப்பார்கள். ஆனால் நான் கஸ்மீரைப் பார்த்தேன். தனக்குள் இருப்பதில் எது தன்னுடையது என்று தெரியாமல், அவன் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். மூளையின் அடிவரை தோண்டி எங்களுக்குக் காட்டிய மனுஷன் அவன். அவனிடம் முழு உண்மையையும் கேட்டுவிட்டு, என் பங்குக்கு மூன்று வரியை மூடி வைப்பதா?

"படிங்கம்மா" என்றேன்.

கருவி தாளின்மேல் ஊர்ந்தது. பெரிய திரையில் கறை கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. என் கணவரின் கையெழுத்து வந்தது. வாசிக்க எழுந்த எழுத்தர் முதல் வார்த்தையோடு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நானே வாசித்தேன். என் புருஷன் எழுதியதை நான்தானே வாசிக்க வேண்டும்.

"காலையிலிருந்து எச்சரிக்கை மணி ஓயவில்லை. ஆட்களுக்குத் தூக்கமில்லை, மணியை நிறுத்து என்றேன். கஸ்மீர் வேண்டாம் அண்ணே என்றான். நான் அதட்டினேன், நிறுத்திவிட்டான். அவன் மேல் குற்றமில்லை."

பதினோரு பேரும் தூக்கத்திலேயே செத்ததற்குக் காரணம் அதுதான். மணி அடிக்கவில்லை. அடிக்கவிடாமல் செய்தவர் என் வீட்டுக்காரர். எவ்வளவு கோபம் வந்தது என்று சொல்லி முடியாது. உயிரோடு இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அழுகையும் வந்தது, அதை மறைக்கவில்லை.

கஸ்மீர் திரையைப் பார்த்தபடியே முணுமுணுத்தான். "வேண்டாம்னு சொன்னேனா? நானா சொன்னேன்?" பக்கத்திலிருந்த தராசு ஆளிடம் கெஞ்சினான். "சார், அது எனக்குள்ள இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சார். நான் வேண்டாம்னு சொன்னேனாம்."

சிவப்பு எரிந்தது. அவன் செய்த ஒரே நல்ல காரியத்தையும் எடுத்துக்கொண்டுதான் அவனுக்கு ஆறுதல் கொடுத்திருக்கிறார்கள்.

மாதவராமன் மறுபடி எழுந்திருந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. "அம்மா, இது மிக முக்கியமான சான்று. மணியை நிறுத்தியது ஷிப்ட் தலைவர், கம்பெனி அல்ல. இந்த வரிகள் தன் கணவர் எழுதியவைதான் என்று இவர் ஒப்புக்கொள்கிறாரா? அதைப் பதிவு செய்ய வேண்டும்."

இத்தனை நாளும் ஒரு எழுத்துகூட ரொசாரியோவுடையது இல்லை என்று அடித்துப் பேசியவர் இவர். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் எனக்குப் பின்னாலிருந்த வரிசையில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. நான் போய் என் இடத்தில் புஷ்பத்தின் பக்கத்தில் நின்றேன். கையை நீட்டினேன். அவள் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தைத் திருப்பவில்லை, ஆனால் கையைத் தரவில்லை. அவள் புருஷனும் அந்த மணியைக் கேட்காமல்தான் தூங்கினான். அவளுக்கு உரிமை உண்டு.

"ஆமா" என்றேன். "எங்க வீட்டுக்காரர் எழுதினதுதான். ஒவ்வொரு எழுத்தும் அவருதுதான்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, பொறுப்பானவர்களின் பெயர்களில் உங்கள் கணவர் பெயரும் சேரும். புரிந்துதான் சொல்கிறீர்களா?"

"சேரட்டும்மா. அவரு பண்ணினது தப்புதான். இந்த மூணு வரியும் அவரு எழுதினதுன்னா மத்த பக்கமும் அவரு எழுதினதுதான. ஆபீசுல ஓட்டுன்னு சொன்னவன் பேரும் அதுல இருக்கு. வக்கீல் சாரே பதியணும்னு கேக்காவ."

மாதவராமன் மேசையிலிருந்த தன் தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

"இந்தப் பக்கத்தை இப்போது பதிவு செய்யலாமா?" என்று எழுத்தர் கேட்டார்.

"இந்த ஒரு பக்கம் மட்டும் வேண்டாம் தம்பி" என்றேன். "முதல் பக்கத்துலேர்ந்து எழுதுங்க. நான் வாசிக்கேன்."